முற்றத்துக் கொங்கிறீட்டும் மக்களின் முதலீடும்

காலபோக அறுவடைக் காலத்தில் அக்கராயன் பக்கம் செல்பவர்கள் வழக்கமாகக் காணும் காட்சி ஒன்றுண்டு. வயலில் இருந்து வந்த ஈர நெல், வீதியின் ஒரு பாதியில் நீளமாகப் பரப்பப்பட்டிருக்கும். அதன் ஓரத்தில் கற்களும் தடிகளும் அடையாளமாக வைக்கப்பட்டிருக்கும். மறு பாதியால் வாகனங்கள் ஒதுங்கிச் செல்லும். வன்னியின் பல கிராமங்களிலும் ஆண்டுதோறும் இதே நிலைதான். நெற் சந்தைப்படுத்தல் சபை 14 சதவீதத்திற்கு மேற்படாத ஈரப்பதனையே எதிர்பார்க்கின்றது. ஈர நெல்லை வாங்கும் தனியார் வியாபாரியோ விலையிலும் நிறையிலும் கழித்துக்கொள்கின்றார். ஆகையால், நெல்லைக் காயவிடுவதற்கு ஒரு கடினமான தளம் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒரு விவசாயக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் பாதிக்கும் விடயமாகும்.

இந்தத் தேவையே இன்று பல குடும்பங்களை முற்றத்திற்குக் கொங்கிறீட் இடும் எண்ணத்திற்குக் கொண்டுவந்துள்ளது. படலையில் இருந்து வீடு வரையான பாதை, உழவு இயந்திரம் நிறுத்துமிடம், கிணற்றடி, நெல் காயவிடும் களம் என்று வீட்டிற்கு வெளியேயான தளங்களுக்குச் செலவிடப்படும் பணம் சிறியதன்று. அறுவடைப் பணத்தில் மிச்சம் பிடித்தோ, நகையை அடகு வைத்தோ, வெளிநாட்டில் உள்ள உறவினர் அனுப்பியதைக் கொண்டோதான் பெரும்பாலானவர்கள் இந்த வேலையைத் தொடங்குகின்றனர். அவ்வாறு இட்ட தளம் இரண்டாவது மாரியிலேயே வெடித்து, மேற்பரப்பு தூளாகி, மணலும் நெல்லும் கலந்துவிடுமாயின் அந்தக் குடும்பத்திற்கு இரண்டாம் முறை அதனைச் செய்யும் வசதி இருக்காது.

எனவே வெளித்தளங்களுக்கான கொங்கிறீட்டை எவ்வாறு வாங்குவது என்பது கட்டடத் தொழிலாளர்கள் மட்டும் பேசவேண்டிய விடயம் என்று நாம் கருதவில்லை. எத்தனை பை சீமெந்து வாங்குவது, எந்தப் பெயருள்ள சீமெந்தை வாங்குவது என்ற இரு கேள்விகளுடன் எமது மக்களின் விசாரணை பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. ஆனால் தளத்தின் ஆயுளைத் தீர்மானிப்பவை அந்தப் பைக்கு வெளியே உள்ளவை. எவ்வளவு நீர் கலக்கப்பட்டது, எத்தனை நாட்கள் ஈரமாக வைக்கப்பட்டது, கீழே உள்ள மண் எவ்வாறு இறுக்கப்பட்டது, இவற்றுக்கு யார் பொறுப்பு என்பனவே அவை. பணம் கொடுப்பவர்கள் இவற்றைக் கேட்கத் தொடங்காதவரை தரம் தானாக வரப்போவதில்லை.

வன்னி மக்களுக்கும் சீமெந்துக்கும் இடையிலான உறவு ஏனைய பிரதேசங்களில் உள்ளதைப் போன்றதன்று என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். வடக்கின் சொந்தச் சீமெந்து ஆலையாக 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைத் தொழிற்சாலை, 1990 இல் போர் காரணமாக நின்றுபோனது. அதே ஆண்டில் இருந்து நடைமுறைப்படுத்தப்பட்ட பொருளாதாரத் தடையின் கீழ் வன்னிக்குள் கொண்டுசெல்லக் கூடாத பொருட்களில் சீமெந்தும் ஒன்றாக இருந்தது. 2002 பெப்ரவரியில் கைச்சாத்திடப்பட்ட போர்நிறுத்த உடன்படிக்கையின் இணைப்பிலேயே சீமெந்தும் இரும்புக் கம்பியும் தனியாகக் குறிப்பிடப்பட்டு, அரசாங்க அதிபரின் அனுமதிப்பத்திரத்துடனேயே கொள்வனவு செய்யப்பட வேண்டியவையாக வைக்கப்பட்டன. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி முகமாலையில் மூடப்பட்டதுடன் அந்த வழியும் சுருங்கியது. 2008 இல் அக்கராயன் மக்கள் தமது வீடு வாசல்களை விட்டு இடம்பெயர்ந்து, போர் முடிந்த பின்னரே திரும்பி வந்தனர்.

இவ்வாறு ஒரு தலைமுறை முழுவதும் மண் சுவரும் ஓலைக் கூரையும் சாணி மெழுகிய முற்றமுமாக வாழ்ந்தது. கட்டடத் தொழிலில் தந்தையிடம் மகன் கற்றுக்கொள்ளும் தொடர்ச்சியும் அறுந்தது. பின்னர் 2010 இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டம் போன்றவற்றின் ஊடாக ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே காலத்தில் கட்டப்பட்டன. குடும்பத் தலைவரே பொருட்களை வாங்கி, மேசனைப் பிடித்து, கட்டம் கட்டமாக வரும் பணத்தில் வீட்டைக் கட்டிமுடிக்க வேண்டிய முறை அது. ஒரு குடும்பத்திற்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. அந்த முறையில் மக்கள் பலவற்றைக் கற்றுக்கொண்டார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே நேரத்தில் எழுந்த அத்தனை வீடுகளுக்கும் பயிற்சி பெற்ற மேசன்மார் போதாமையால், அவசரமாகத் தொழிலுக்கு வந்தவர்களும் வேலை செய்தனர். வீட்டின் சுவர் இத்தகைய குறைகளைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். வெயிலும் மழையும் சில்லுகளும் நேரடியாகத் தாக்கும் வெளித்தளம் பொறுத்துக்கொள்ளாது.

விலையைப் பொறுத்தவரையில், 2021 ஒக்டோபரில் சீமெந்து மீதான கட்டுப்பாட்டு விலையை அரசாங்கம் நீக்கியது. அப்போது ஏறத்தாழ ஆயிரம் ரூபாவாக இருந்த 50 கிலோ பை, 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது 2,500 ரூபாவையும் தாண்டியது. அதன் பின்னர் விலை ஓரளவு இறங்கிய போதிலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. விலை ஏறியபோது மக்கள் செய்தது இயல்பானதே. பையின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். தளத்தின் கனத்தைக் குறைத்தார்கள். மணலைக் கூட்டினார்கள். கலவை இறுக்கமாகி இழுக்க முடியாதபோது நீரைக் கூட்டினார்கள். இந்தக் கடைசிச் செயலே ஏனைய எல்லாவற்றிலும் கேடானது.

சீமெந்து கடினமாவது அது காய்வதனால் என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மையில் சீமெந்து நீருடன் இரசாயன முறையில் சேர்ந்தே கல்லாகின்றது. அந்தச் சேர்க்கைக்குத் தேவையான அளவுக்கு மேல் ஊற்றப்படும் நீர், பின்னர் ஆவியாகி வெளியேறும்போது உள்ளே நுண்ணிய துளைகளை விட்டுச் செல்கின்றது. துளைகள் கூடக்கூட வலிமை குறைகின்றது. நீருக்கும் சீமெந்துக்கும் இடையிலான விகிதமே வலிமையைத் தீர்மானிக்கின்றது என்பதை அமெரிக்கப் பொறியியலாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918 இலேயே நிறுவினார். நடைமுறையில் இதன் பொருள் மிக எளிது. வெளித்தளத்திற்கான கலவையில் 50 கிலோ பை ஒன்றுக்கு 25 லீற்றருக்கு மேல் நீர் சேரக் கூடாது. ஈர மணலில் ஏற்கனவே உள்ள நீரும் இந்தக் கணக்கிலேயே அடங்கும். வாளியால் அளக்காமல் குழாயைத் திறந்துவிட்டு 35 லீற்றர் வரை சேர்ப்பார்களாயின், அதே சீமெந்து, அதே மணல், அதே சல்லியைக் கொண்டு மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்ட வலிமையை இழந்த தளமே கிடைக்கும். விலை கூடிய பெயருள்ள சீமெந்தை வாங்கியவருக்கும் இதே கதிதான்.

இரண்டாவது விடயம் பதப்படுத்தல். கொங்கிறீட் இட்ட பின்னர் குறைந்தது ஏழு நாட்களுக்கு அதனை ஈரமாக வைத்திருக்க வேண்டும். நுரைச்சோலை அனல் மின்நிலையத்தில் இருந்து கிடைப்பது போன்ற எரிசாம்பல் சேர்த்த கலப்புச் சீமெந்து என்றால், அது மெதுவாகவே வலிமை பெறும் என்பதனால் பத்து முதல் பதினான்கு நாட்கள் வரை ஈரம் வேண்டும். வன்னியில் சோளகம் வீசும் மாதங்களில் இடப்படும் தளத்தின் மேற்பரப்பு, மேசன் கரண்டியை எடுத்து வைப்பதற்கு முன்னரே உலர்ந்து மயிர்க் கோடுகளாக வெடிப்பதற்கு அந்தக் காய்ந்த காற்றே காரணம். மாரி ஓய்ந்து கிணறுகளில் நீர் நிற்கும் மாசி, பங்குனி மாதங்களில், அதிகாலையிலோ வெயில் தணிந்த மாலையிலோ வேலையைச் செய்வது நன்று. நீரைத் தேக்குவதற்கு மணல் வரம்பு கட்டலாம். நீர் போதாதவர்கள் வைக்கோலையோ நனைந்த சாக்கையோ பரப்பி ஈரம் காக்கலாம். பொலித்தீன் விரிப்பால் மூடிவிட்டாலும் உள்ளிருக்கும் நீர் வெளியேறாது. நெல் விளையும் ஊரில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. செலவே இல்லாத இந்த வேலையைச் செய்யாமல் விடுவதனால்தான் செலவு செய்த தளங்கள் தூளாகின்றன.

மூன்றாவது, தளத்தின் கீழே உள்ளவை. கொங்கிறீட் என்பது ஒரு மூடி மட்டுமே. மேல் மண்ணையும் வேரையும் அகற்றி, கிரவல் கொட்டி, நீர் தெளித்து, நான்கு முதல் ஆறு அங்குலம் கனத்திற்கு நன்றாக இறுக்காமல் அதன் மேல் எவ்வளவு கனமாக இட்டாலும், மண் இறங்கும் இடத்தில் தளம் உடையும். கார், மோட்டார் சைக்கிள் செல்லும் பாதைக்கு நான்கு அங்குலம் போதும். நெல் ஏற்றிய உழவு இயந்திரமும் சிறு லொறியும் வரும் இடத்திற்கு ஆறு அங்குலம் தேவை. மழை நீர் தேங்காதிருக்க, வாகனப் பாதையாயின் பத்தடிக்கு இரண்டரை அங்குலம் அளவில் சரிவு வைக்க வேண்டும். நெல் பரப்பும் களத்திற்கு இதில் பாதி போதும்.

நான்காவது, வெடிப்பு. கொங்கிறீட் இறுகும்போது சுருங்குவது இயற்கை. அந்தச் சுருக்கம் எங்காவது வெடிப்பாக வெளிப்பட்டே தீரும். எங்கே வெடிக்க வேண்டும் என்பதை நாமே முன்கூட்டித் தீர்மானிப்பதற்காகவே மூட்டுக்கள் விடப்படுகின்றன. நான்கு அங்குலத் தளத்தில் எட்டு முதல் பத்து அடிக்கு ஒரு மூட்டு வேண்டும். அது தளத்தின் கனத்தில் நான்கிலொரு பங்கு ஆழமாக இருக்க வேண்டும். இட்ட அன்றோ மறுநாளோ அதை வெட்டிவிட வேண்டும். கம்பி வலை போட்டால் வெடிக்காது என்பது பரவலான தவறான நம்பிக்கை. வலை வெடிப்பைத் தடுப்பதில்லை. வெடித்த இடம் விரிந்து போகாமல் பிடித்துக்கொள்வதே அதன் பணி. அதுவும் தளத்தின் மேற்பாதியில், போதிய மூடலுடன் இருந்தால் மாத்திரமே. கிரவலின் மேல் விரித்துவிட்டு அதன் மேல் கலவையைக் கொட்டும் வழக்கத்தில் வலை அடியில் கிடந்து துருப்பிடிக்கின்றது.

இவற்றை ஒரு கணக்காகப் பார்த்தால் வாங்குபவர்களுக்கு விளங்கும். பத்தடி அகலமும் முப்பதடி நீளமும் நான்கு அங்குலக் கனமும் கொண்ட ஒரு பாதை சரியாக நூறு கன அடி. அதாவது எமது கடைகளிலும் டிப்பர்களிலும் பேசப்படும் ஒரு கியூப். ஒன்றுக்கு இரண்டு மணல், மூன்று சல்லி என்ற விகிதத்தில் இதற்கு 20 முதல் 22 பை சீமெந்தும், ஏறத்தாழ அரைக் கியூப் மணலும், முக்கால் கியூப் சல்லியும் தேவைப்படும். கலவைக்குச் சேரவேண்டிய மொத்த நீர் 550 லீற்றருக்கு மேற்படாது. இந்தத் தளத்தின் மேல் ஓரங்குலம் நீரைத் தேக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 700 லீற்றர் வேண்டும். அதாவது கலவைக்கு வேண்டியதை விடக் கூடுதலான நீர், இட்ட பின்னரே வேண்டும். கனத்தை ஆறு அங்குலமாக்கினால் பொருட்கள் யாவும் ஒன்றரை மடங்காகும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மேசனிடம் பேசும் குடும்பத்தை, பன்னிரண்டு பையில் முடித்துத் தருவதாக யாரும் எளிதில் நம்பவைக்க முடியாது.

பொருட்களை வாங்கும்போதும் சில எளிய சோதனைகள் உள்ளன. சீமெந்துப் பையில் இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். குறியும் உற்பத்தித் திகதியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சாதாரண போட்லண்ட் சீமெந்துக்கு எஸ்.எல்.எஸ். 107, கலப்புச் சீமெந்துக்கு எஸ்.எல்.எஸ். 1247 என இரு வேறு தரநிலைகள் உள்ளன. மூன்று மாதத்திற்கு மேல் களஞ்சியத்தில் கிடந்த சீமெந்தும், கட்டி தட்டிய சீமெந்தும் தளத்திற்கு உதவா. மணலை ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதியளவு இட்டு, உப்பு சிறிதளவு கரைத்த நீரை நிரப்பிக் குலுக்கிச் சில மணி நேரம் வைத்தால், மேலே படியும் சேற்றின் அளவு தெரிந்துவிடும். அது மணலில் பத்திலொரு பங்கைத் தாண்டுமாயின் அந்த லோட்டைத் திருப்பி அனுப்புவதே சரி. கரையோர மணலில் உள்ள உப்பு கம்பியை அரிக்கும் என்பதனால், வலை போடும் தளத்திற்கு அது அறவே ஆகாது.

மணலைப் பற்றிப் பேசும்போது ஓர் உண்மையை மறைக்க முடியாது. கிளிநொச்சி மாவட்டத்தின் ஆற்றுப்படுக்கைகளில் நடைபெறும் சட்டவிரோத மணல் அகழ்வு ஆண்டுக்கணக்காகச் செய்தியாகி வருகின்றது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் இரவில் வரும் லோட்டை மலிவு என்று வாங்கும் கைகளும் அந்தக் குற்றத்தில் பங்கு கொள்கின்றன. அந்த மணல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. சேறு கலந்திருந்தால் முறையிடவும் இடமில்லை. சட்டத்திற்குப் புறம்பான கொள்வனவில் நுகர்வோருக்கு உள்ள பாதுகாப்பும் போய்விடுகின்றது என்பதை எமது மக்கள் உணர வேண்டும்.

தளத்திலேயே கலப்பதற்கு மாற்றாக இரு வழிகள் உள்ளன. ஒன்று, ஆலையில் கலந்து லொறியில் வரும் ஆயத்தக் கொங்கிறீட். நீரின் அளவு ஆலையிலேயே கட்டுப்படுத்தப்படுவது இதன் பெரும் நன்மை. ஆனால் கலந்த நேரத்தில் இருந்து இரண்டு மணித்தியாலத்திற்குள் இட்டு முடிக்க வேண்டும். ஒரு கியூப் அளவான வேலைக்குத் தொலைவில் இருந்து அதை வரவழைப்பது கட்டுப்படியாகாது. அயலில் உள்ள நான்கைந்து குடும்பங்கள் ஒரே நாளில் வேலையை வைத்துக்கொண்டால் நிலைமை மாறலாம். மற்றையது, இன்டர்லொக் கற்கள். கார் செல்லும் பாதைக்கு 60 மில்லிமீற்றரும் கனரக வாகனங்களுக்கு 80 மில்லிமீற்றரும் கனமான கற்கள் வேண்டும். ஓரிடம் இறங்கினால் அந்தக் கற்களை மட்டும் எடுத்துச் சீர்செய்யலாம் என்பதும், இடைவெளிகளால் மழை நீர் நிலத்திற்குள் செல்லும் என்பதும் இதன் நன்மைகள். நெல் காயவிடுவதற்கு மட்டும் இது உகந்ததன்று. மணிகள் இடைவெளிக்குள் போய்விடும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் தரம் கிடைக்காமற் போவதற்குக் காரணம், வேலையை ஒப்படைக்கும் முறையிலேயே உள்ளது. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுகின்றது. அந்தக் கூலியில் விரைந்து முடிப்பவருக்கு இலாபம். நீர் கூடிய கலவை விரைவாக இழுபடும். மூட்டு வெட்டுவது மேலதிக வேலை. பதப்படுத்தும் ஏழு நாட்களும் மேசன் அடுத்த வீட்டில் இருப்பார். இதற்கு மேசன்மாரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. நாட்கூலியில் வாழும் அவர்களுக்குத் தரத்திற்கென்று எவரும் தனியாகப் பணம் கொடுப்பதில்லை. எதற்குப் பணம் கொடுக்கின்றோமோ அதுவே எமக்குக் கிடைக்கின்றது.

இங்கு ஒரு பழைய உதாரணம் பொருந்தும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள பெல்லபொன்டெயின் என்ற சிறு நகரில் 1891 இல் ஜோர்ஜ் பார்தலோமியூ என்பவர் முதன்முதலாகக் கொங்கிறீட் வீதித் துண்டொன்றை இட்டார். அந்நாட்டின் முதலாவது கொங்கிறீட் வீதியாக அது கருதப்படுகின்றது. நகரசபை அவரது சொல்லை மட்டும் நம்பிப் பணியை ஒப்படைக்கவில்லை. ஐந்தாண்டுகள் தளம் நிலைக்கும் என்பதற்கு உத்தரவாதமாக 5,000 டொலர் பிணை வைக்க அவர் இணங்க வேண்டியிருந்தது. அங்கு பின்னர் கொங்கிறீட் இடப்பட்ட வீதியின் பகுதிகள் நூறாண்டுகளுக்கு மேலாகப் பயன்பாட்டில் இருந்து வந்துள்ளன. அந்தக் காலத்துச் சீமெந்து இன்றைய சீமெந்தை விடத் தரத்தில் தாழ்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், செய்பவர் பொறுப்பேற்கும் முறைக்கு எவ்வளவு பெறுமதி உண்டு என்பது புலனாகும்.

அக்கராயனில் ஒரு மேசனிடம் பெருந்தொகைப் பிணையைக் கேட்க முடியாது. ஆனால் ஒரு தாளில் ஐந்து விடயங்களை எழுதிக்கொள்ள முடியும். தளத்தின் கனம், கலவையின் விகிதம், ஒரு பைக்கான நீரின் அளவு, மூட்டுக்களின் இடைவெளி, பதப்படுத்தும் நாட்களும் அதற்குப் பொறுப்பானவரும் என்பனவே அவை. கூலியில் பத்திலொரு பங்கை 28 நாட்கள் கழித்துக் கொடுப்பதாக உடன்படலாம். அதற்கு ஈடாக, மூட்டு வெட்டுவதற்கும் பதப்படுத்தலைக் கவனிப்பதற்கும் தனியாகக் கூலி கொடுக்க வேண்டும். பொருட்களுக்குப் பற்றுச்சீட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் முறையிடும் உரிமை உண்டென்றாலும், பற்றுச்சீட்டு இல்லாத முறைப்பாட்டுக்கு வலு இல்லை.

தனியார் முற்றங்களைப் பற்றிக் கூறியவை பொதுப் பணத்தில் இடப்படும் வீதிகளுக்கு மேலும் கூடுதலாகப் பொருந்தும். போருக்குப் பின்னர் பல திட்டங்களின் ஊடாக வடக்கின் உள்ளக வீதிகளுக்குக் கொங்கிறீட் இடப்பட்டு வந்துள்ளது. எமது நாட்டின் நிதியாண்டு டிசெம்பர் 31 ஆம் திகதியுடன் முடிகின்றது. நிதி ஒதுக்கீடு தாமதித்து வரும் ஆண்டுகளில் வேலைகள் ஒக்டோபர், நவம்பர் மாதங்களுக்குத் தள்ளப்படுகின்றன. தெற்கிற்கு இது எவ்வாறாயினும், வடக்கிற்கு அவை வடகீழ்ப் பருவமழையின் மாதங்கள். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் வீதிகளையும் பாலங்களையும் சிதைத்ததையும் மறந்துவிட முடியாது. இறுகாத கொங்கிறீட்டின் மேல் பெய்யும் மழை சீமெந்தைக் கழுவிச் செல்லும். நீர் ஊறிய மண்ணை இறுக்கவும் முடியாது. பணம் திறைசேரிக்குத் திரும்பிவிடும் என்ற அச்சத்தில் மாரியில் வீதி இடுவது, பணத்தை வேறொரு வழியில் இழப்பதற்குச் சமமானது.

இவ்வாறு இடப்பட்ட சிறு வீதிகளில் மணலும் கிரவலும் ஏற்றிய டிப்பர்கள் ஓடுகின்றன. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடத்தப்பட்ட பெரும் வீதிச் சோதனை, அச்சின் மீதான சுமை இரட்டிப்பானால் வீதிக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகின்றது என்பதைக் காட்டியது. உழவு இயந்திரத்திற்கென இடப்பட்ட வீதியில் அளவுக்கு மீறிய பாரத்தை அனுமதித்துவிட்டு ஒப்பந்தகாரரை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. பிரதேச சபைகள் தமது உள்ளக வீதிகளுக்குப் பார வரம்பை நிர்ணயித்து, அறிவிப்புப் பலகையுடன் நின்றுவிடாது நடைமுறைப்படுத்த வேண்டும்.

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து, ஈராண்டுக்கும் மேலாக அதிகாரிகளின் கீழ் இருந்த உள்ளூராட்சி சபைகள், 2025 மே 6 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலுடன் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு மீண்டும் வந்துள்ளன. அக்கராயன் அமைந்துள்ள கரைச்சிப் பிரதேசத்தின் சபையும் அவற்றில் ஒன்று. அந்தச் சபைகளிடம் நாம் முன்வைக்க விரும்பும் கோரிக்கைகள் பெரும் நிதி தேவைப்படாதவை. கொங்கிறீட் வேலைகளை மாசி முதல் புரட்டாதி வரையான காலத்திற்குள் முடிக்கும் வகையில் கேள்விப்பத்திரங்களை ஆண்டின் தொடக்கத்திலேயே கோர வேண்டும். ஒவ்வொரு வேலைத்தளத்திலும் கனம், கலவைத் தரம், செலவு, ஒப்பந்தகாரர், பொறுப்புக் காலம் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய பலகை இருக்க வேண்டும். இட்ட அன்று எடுக்கும் கனசதுர மாதிரிகளை 7 ஆம், 28 ஆம் நாட்களில் உடைத்துப் பார்க்கும் சோதனையின் பெறுபேற்றைக் கிராம மக்களின் பார்வைக்கு வைக்க வேண்டும். அவ்வாறு வைக்காவிடினும், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் அதனைக் கோரலாம் என்பதைக் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றது. விவசாய பீடமும் அங்கேயே உள்ளது. கொங்கிறீட்டைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் கற்பிக்கும் இரு பீடங்கள் அருகருகே அமைந்திருப்பது இந்த மாவட்டத்திற்குக் கிடைத்த வாய்ப்பு. சிறு அளவில் வேலை செய்யும் குடும்பமொன்று குறைந்த கட்டணத்தில் தனது மாதிரியைச் சோதித்துக்கொள்ளவும், கிராமத்து மேசன்மார் வார இறுதியில் இரண்டு நாட்கள் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளவும் பிரதேச சபையும் பல்கலைக்கழகமும் இணைந்து வழி செய்ய வேண்டும். சான்றிதழ் பெற்ற மேசனுக்குக் கூடுதல் கூலி கொடுக்க மக்களும் தயங்கக் கூடாது.

இறுதியாக ஒரு எச்சரிக்கையையும் கூறவேண்டியுள்ளது. கொங்கிறீட்டே வளர்ச்சியின் அடையாளம் என்று கருதி வளவு முழுவதையும் மூடிவிடுவது வன்னி போன்ற வரண்ட பிரதேசத்திற்கு ஏற்றதன்று. மாரியில் பெய்யும் சில மாத மழையே ஆண்டு முழுவதற்குமான கிணற்று நீர். அது நிலத்திற்குள் இறங்குவதற்கு இடம் வேண்டும். சில்லுகள் செல்லும் இரு கீற்றுக்களுக்கு மட்டும் கொங்கிறீட் இட்டு நடுவில் புல்லை விடுவது செலவையும் நீரையும் ஒருசேர மிச்சப்படுத்தும். நெல் காயவிடுவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மெல்லிய தளம் இடுவதை விட, கமக்கார அமைப்புகளின் பொறுப்பில் ஒரு வாய்க்கால் பகுதிக்கு ஒரு தரமான பொதுக் களம் அமைப்பது பயனுள்ளதாக இருக்கும். பத்துக் குடும்பங்களின் பணம் ஒன்றுசேர்ந்தால் ஆறு அங்குலக் கனமும் சோதனைச் செலவும் எட்டக்கூடியவையே. வீதியில் நெல் பரப்பும் ஆபத்தும் அதனுடன் நீங்கும்.

ஒரு காலத்தில் அனுமதிப்பத்திரம் இன்றி ஒரு பை சீமெந்தைக்கூடப் பெறமுடியாதிருந்த மக்கள் இவர்கள். இன்று கடையில் வேண்டிய அளவு கிடைக்கின்றது. கிடைப்பதை வீணாக்காமல் பயன்படுத்தும் அறிவையும், கொடுத்த பணத்திற்குக் கணக்குக் கேட்கும் துணிவையும் சேர்த்துப் பெற்றுக்கொள்ள வேண்டிய காலம் இது. அடுத்த காலபோக அறுவடை வருவதற்கு முன்னர் முற்றத்திற்கோ களத்திற்கோ கொங்கிறீட் இட எண்ணியிருப்பவர்கள், சீமெந்தின் விலையை விசாரிக்கும்போதே நீரை அளக்கும் வாளி எங்கே என்றும் கேட்கட்டும். பிரதேச சபைகளும் அதே கேள்வியைத் தமது ஒப்பந்தகாரர்களிடம் கேட்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.